கையொப்பம் பிரேக் பிடிக்காது

கூட்டு மிதிவண்டிப் பயணத்திற்குப் பதிவு செய்யும் எவரும் ஒரு படிவத்தைக் கடந்தே செல்ல வேண்டியிருக்கிறது. மிதிவண்டியின் நிலைக்கு அதை ஓட்டுபவரே முழுப் பொறுப்பு. வழியில் நேரும் பழுதுக்கோ விபத்துக்கோ அமைப்பாளர்கள் பொறுப்பேற்க மாட்டார்கள் என்பது அப்படிவத்தின் சாரம். பெங்களூரிலிருந்து நந்தி மலைக்கும் புனேயிலிருந்து சிங்ககட் கோட்டைக்கும் புறப்படும் ஞாயிற்றுக்கிழமைக் குழுக்கள், ஜூன் 3 உலக மிதிவண்டி நாளன்று கல்வி வளாகங்களில் கொடியசைத்துத் தொடங்கப்படும் பேரணிகள், லடாக்கின் மலைச்சாலைகளில் சுற்றுலாப் பயணிகளை இறக்கிவிடும் நிறுவனங்கள் என எங்கும் ஏறத்தாழ இதே பொருள்படும் வாசகம் புழங்குகிறது. பலர் அதைப் படிப்பதில்லை. படிப்பவர்களும் அது நியாயமானதே என்று கருதிக் கையொப்பமிடுகின்றனர். அவரவர் வண்டியை அவரவர் பராமரிக்க வேண்டும் என்பதில் என்ன பிழை இருக்க முடியும்?

பிழை, 'அவரவர் வண்டி' என்ற சொற்சேர்க்கையில் இருக்கிறது. கூட்டுப் பயணத்தின் தொடக்கக் கோட்டில் நிற்கும் வண்டிகள் ஒரே வகையானவை அல்ல. சில, ஓட்டுபவருக்குச் சொந்தமானவை. அவர் பல மாதங்களாக ஓட்டிப் பழகியவை. சில, நண்பரிடமோ கல்லூரியிடமோ அன்று காலை இரவலாகப் பெற்றவை. சில, கட்டணம் செலுத்தி வாடகைக்கு எடுத்தவை. சொந்த வண்டிக்காரர் தம் பிரேக் கட்டை எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை அறிவார். குறைந்தபட்சம் அறிந்திருக்க வேண்டியவர். மற்ற இருவரும் வண்டியை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கின்றனர். படிவம் இம்மூவரையும் ஒரே வாக்கியத்திற்குள் அடைத்து ஒரே பொறுப்பைச் சுமத்துகிறது. இவ்வாறு ஒன்றாக்குவதால் சொந்த வண்டிக்காரருக்கு இழப்பும் இல்லை, ஆதாயமும் இல்லை. ஆதாயம் பெறுபவர் வண்டியைக் கொடுத்தவர்.

இந்த வேறுபாட்டை உணரப் புதிய கோட்பாடு எதுவும் தேவையில்லை. 1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் அதை 150 ஆம் பிரிவில் தெளிவாக வகுத்துள்ளது. தம் பொருளைப் பிறர் பயன்பாட்டுக்கு ஒப்படைப்பவர், தமக்குத் தெரிந்த குறைகளை வெளிப்படுத்தக் கடமைப்பட்டவர். வெளிப்படுத்தாவிடில் அதனால் நேரும் தீங்குக்கு அவரே பொறுப்பு. வாடகைக்கு ஒப்படைத்தாலோ, குறை அவருக்குத் தெரிந்திருந்தாலும் தெரியாதிருந்தாலும் பொறுப்பு அவருடையதே. இப்பிரிவுக்குச் சட்டமே தரும் இரண்டு எடுத்துக்காட்டுகள் கவனத்திற்குரியவை. ஒன்றில், முரட்டுக் குதிரை என்று தெரிந்தும் அதைச் சொல்லாமல் ஒருவர் மற்றொருவருக்கு இரவல் தருகிறார். குதிரை மிரண்டு ஓடி, ஏறியவர் கீழே விழுந்து காயமுறுகிறார். மற்றொன்றில், வாடகைக்கு எடுத்த வண்டி பழுதுடையது என்பது அதன் உரிமையாளருக்கே தெரியாது. ஆயினும் காயத்துக்கு அவரே பொறுப்பாகிறார். குதிரைக்கும் குதிரை வண்டிக்கும் எழுதப்பட்ட அந்த நியாயம் மிதிவண்டிக்குச் சிறிதும் குறையாமல் பொருந்துகிறது.

அந்நியாயத்தின் அடிப்படை எளிது. பொறுப்பு, அறியும் வாய்ப்பையும் சரிசெய்யும் அதிகாரத்தையும் தொடர்ந்து செல்கிறது. கட்டணம் வாங்குபவர், வண்டி ஓட்டத் தகுந்தது என்ற உறுதியையும் சேர்த்தே விற்கிறார். கூட்டுப் பயணப் படிவமோ இதைத் தலைகீழாக்குகிறது. வண்டியைப் பற்றி எல்லாம் அறிந்திருக்க வேண்டியவர் பொறுப்பிலிருந்து விலகுகிறார். எதுவும் அறியாதவர் முழுப் பொறுப்பையும் ஏற்கிறார். கல்லூரி வாங்கும் பதிவுக் கட்டணத்திலேயே அன்றைய வண்டியும் அடங்கியிருக்குமானால், அதை இரவல் என்று அழைப்பதைவிட வாடகை என்று அழைப்பதற்கே வலுவான காரணம் உண்டு.

இதற்கு மறுமொழியாக முன்வைக்கப்படும் வாதம் பழமையானது: விரும்பி ஏற்றுக்கொண்ட ஆபத்துக்குப் பின்னர் வழக்குரைக்க இயலாது. வொலென்டி நான் ஃபிட் இஞ்சூரியா என்னும் அந்த இலத்தீன் முதுமொழியைச் சட்டக் கல்லூரி முதலாண்டு மாணவரும் அறிவார். அம்மாணவர் அதன் மறுபாதியையும் அறிவார்: தெரியாத ஆபத்தை எவரும் விரும்பி ஏற்க முடியாது. மலைச்சாலையில் சறுக்கல் இருக்கும், லாரி வரும், மழை பெய்யும் என்பவை பயணத்தின் இயல்பான ஆபத்துகள். அவற்றுக்கு ஒப்புதல் தருவது பொருளுடையது. பிரேக் கம்பியின் உறைக்குள் இழைகள் பாதி அறுந்திருக்கின்றன என்பது அவ்வகையைச் சேர்ந்ததன்று. அதற்கு ஒப்புதல் கேட்கப்படவும் இல்லை, தரப்படவும் இல்லை. மேலும், கல்லூரியில் முதலாண்டு சேர்பவர்களில் 17 வயதினரும் உள்ளனர். வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்பது மோஹரி பீபி எதிர் தர்மோதாஸ் கோஷ் வழக்கில் பிரிவி கவுன்சில் 1903 இல் அளித்த தீர்ப்புக்குப் பின் ஐயத்திற்கு இடமில்லாத செய்தி. 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்ற ஒரு வகையையே வரையறுத்துள்ளது. இத்தனைக்குப் பிறகும், இச்சட்டங்களைக் கற்பிக்கும் நிறுவனங்களே அந்தப் படிவத்தை நகலெடுத்து மாணவர்களிடம் நீட்டுகின்றன.

ஆபத்தின் அளவை உணர்வதற்கு லடாக்கிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு போதும். லே நகரம் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. கர்துங் லா கணவாய் ஏறத்தாழ 5,350 மீட்டரில் உள்ளது. இடையிலுள்ள சாலை ஏறத்தாழ 40 கிலோமீட்டர். பயணிகளையும் வாடகை மிதிவண்டிகளையும் வாகனத்தில் ஏற்றிக் கணவாயில் இறக்கிவிடுவதும், அங்கிருந்து அவர்கள் மிதிக்காமலேயே கீழே உருண்டு வருவதும் அங்கே புகழ்பெற்ற சுற்றுலா வழக்கம். ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 90 கிலோகிராம் என்று கொண்டால், 1,850 மீட்டர் இறக்கத்தில் அவர்கள் இழக்கும் நிலையாற்றல் ஏறத்தாழ 16 லட்சம் ஜூல். அறை வெப்பநிலையில் உள்ள ஐந்து லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அவ்வளவு ஆற்றல் போதும். காற்றுத்தடையும் சாலை உராய்வும் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். எஞ்சியதை வெப்பமாக மாற்ற வேண்டியவை, புதிதாக இருக்கும்போதே சில மில்லிமீட்டர் தடிமன் மட்டுமே கொண்ட பிரேக் பட்டைகள். பருவகாலத்தில் அதே வண்டி நாளுக்கு நாள் அதே இறக்கத்தில் இறங்குகிறது. முந்தைய நாள் வந்தவர் எவ்வளவு தேய்த்துவிட்டுப் போனார் என்பது இன்று வருபவருக்குத் தெரியாது.

அந்த உயரத்தில், கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ பாதி ஆக்சிஜனே கிடைக்கும் காற்றில், விரல்கள் குளிரில் மரத்துப்போன நிலையில், பத்து நிமிடங்களுக்கு முன் கையில் கிடைத்த வண்டியின் பிரேக்கைச் சோதித்து ஏற்றுக்கொண்டதாக ஒருவர் கையொப்பமிடுகிறார். அதைச் சோதனை என்றோ ஒப்புதல் என்றோ அழைப்பது சொற்களுக்குச் செய்யும் அநீதி.

அமைப்பாளர்கள் இவ்விடத்தில் 'தற்சார்பு' என்ற சொல்லை எடுத்து வருகின்றனர். மிதிவண்டிப் பண்பாட்டில் அச்சொல்லுக்கு ஒரு மதிப்புமிக்க வரலாறு உண்டு. ஓடாக்ஸ் மரபின் நெடும்பயணங்களில் 200 கிலோமீட்டரை 13½ மணி நேரத்திலும் 600 கிலோமீட்டரை 40 மணி நேரத்திலும் கடக்க வேண்டும்; குறிக்கப்பட்ட கட்டுப்பாட்டு நிலையங்களுக்கு வெளியே தனிப்பட்ட உதவி வாகனத்தின் துணையைப் பெறக்கூடாது. இந்தியாவிலும் இப்பயணங்கள் வேரூன்றிவிட்டன. நள்ளிரவில் நெடுஞ்சாலை ஓரத்தில் தலைவிளக்கின் ஒளியில் டியூப் மாற்றத் தெரிந்தவரே அவற்றில் கலந்துகொள்கிறார். அவர் தம் சொந்த வண்டியில், பல மாதப் பயிற்சிக்குப் பின், விதிகளை அறிந்து வருகிறார். அங்கே தற்சார்பு ஓர் ஒழுக்கம். எவரையும் ஏமாற்றாத ஒழுக்கம்.

ஆனால் அம்மரபின் தொடக்க காலமே ஓர் எச்சரிக்கையையும் விட்டுச்சென்றிருக்கிறது. 1913 ஆம் ஆண்டின் டூர் டி பிரான்ஸ் போட்டியில், பிரனீஸ் மலையின் துர்மலே கணவாயிலிருந்து இறங்கும்போது எழேன் கிறிஸ்தோஃப் என்னும் வீரரின் மிதிவண்டியில் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் உடைந்தது. பிறர் உதவியின்றிப் பழுதுபார்க்க வேண்டும் என்பது விதி. அவர் வண்டியைச் சுமந்துகொண்டு மலையடிவாரக் கிராமம் வரை நடந்து, அங்கிருந்த கொல்லுப்பட்டறையில் தம் கையாலேயே இரும்பைக் காய்ச்சி அடித்து ஒட்டினார். பல மணி நேரம் பறிபோனது. அதன் பிறகும் அதிகாரிகள் அவருக்குத் தண்டனை விதித்தனர். உலையின் துருத்தியை ஒரு சிறுவன் ஊதியது வெளியுதவி என்பதே குற்றம். இக்கதை இன்றும் வீரக்கதையாகவே சொல்லப்படுகிறது. அதை வேறு விதமாகவும் வாசிக்கலாம். உடைந்தது ஃபோர்க், தண்டிக்கப்பட்டவர் ஓட்டியவர். உடைந்த பொருளைச் செய்தவரையோ கொடுத்தவரையோ நோக்கி அந்த விதி ஒரு கேள்வியும் எழுப்பவில்லை. பிற்காலத் தொழில்முறைப் போட்டிகள் இந்த விதியைக் கைவிட்டு, அணி வேறுபாடின்றி எல்லோருக்கும் உதவும் பொதுப் பழுதுதவி வண்டிகளை ஏற்றுக்கொண்டன. உலகின் மிகத் திறன்வாய்ந்த வீரர்களுக்கே தேவைப்படும் ஒன்றை, வாழ்வில் முதன்முறையாகக் கியர் வண்டியில் ஏறும் மாணவிக்கு மறுத்து அதற்குத் தற்சார்பு என்று பெயரிடுவது, ஒரு நல்ல சொல்லைக் களவாடுவதாகும்.

சாலையோரப் பஞ்சர் கடைகள் இருக்கின்றனவே என்பது அடுத்த சமாதானம். இந்தியச் சாலையோரப் பழுதுபார்ப்பவரின் கைத்திறன் ஐயத்திற்கு அப்பாற்பட்டது. சிக்கல் அவரிடம் இல்லை. அவர் பழுதுபார்த்துப் பழகிய சாதாரண வண்டியின் டயர் அளவு வேறு. பந்தய வகை வண்டியின் 700சி டயர் வேறு. சாதாரண வண்டியின் டியூப்பில் இருப்பது டன்லப் வால்வு. பந்தய வண்டியில் இருப்பது மெலிந்து நீண்ட பிரெஸ்டா வால்வு. இரண்டையும் இணைக்கும் சிறு பித்தளைத் துண்டு ஒன்று கையில் இல்லாவிட்டால், அக்கடையின் பம்பில் காற்றுக்கூட அடிக்க முடியாது. டிஸ்க் பிரேக்கின் பட்டையை அவர் கடையில் தேடுவதும் வீண். இவை போக, குழுக்கள் புறப்படும் ஞாயிறு அதிகாலை 5 மணிக்கு அக்கடை திறந்திருப்பதும் அரிது. உதிரிப் பொருள்களைத் திட்டமிட்டு எடுத்துச்செல்லாத அமைப்பாளர், தம் கடமையை முன்பின் அறியாத ஒரு கடைக்காரரின் தலையில் இறக்கி வைக்கிறார்.

இவ்வளவும் சொந்த வண்டிக்காரரைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதற்கில்லை. லட்ச ரூபாய் வண்டியில் நூல் தெரியும் டயரோடு வந்து, மாற்று டியூப் ஒன்றுகூட எடுத்து வராமல், பின்னால் வரும் உதவி வாகனம் தமக்காகவே வருவதாக நினைப்பவர்கள் ஒவ்வொரு குழுவிலும் இருக்கின்றனர். செயினுக்கு எண்ணெய் போடுவதையும் பழுதுபார்ப்பவரின் வேலையாகவே இவர்கள் கருதுகின்றனர். பராமரிக்க வாய்ப்பும் வசதியும் அறிவும் இருந்தும் பராமரிக்காத இவர்கள்மீது படிவத்தின் வாசகம் முழு வலிமையோடு பாய்வதே முறை. அதே வேளையில், 'என் ஆபத்து என்னோடு' என்ற அவர்களின் வாதமும் கூட்டத்திற்குள் செல்லுபடியாகாது. நாற்பது பேர் நெருங்கி இறங்கும் சாலையில் ஒருவரின் பிரேக் பிடிக்காவிட்டால், விழுபவர் அவர் மட்டுமல்லர்; முன்னால் செல்பவரும் விழுகிறார், பின்னால் வருபவரும் விழுகிறார். ஆகவே அத்தகைய வண்டியைத் தொடக்கக் கோட்டிலேயே நிறுத்துவது அமைப்பாளரின் உரிமை மட்டுமன்று, மற்றவர்களுக்கு அவர் செலுத்த வேண்டிய கடனும் ஆகும்.

நிறுத்துவது யார்? இக்கேள்வியில்தான் முழுச் சிக்கலின் முடிச்சும் இருக்கிறது. ஒரு வண்டி ஓடத் தகுந்ததா என்று சொல்லக்கூடியவர் அங்கே ஒருவர் இருக்கிறார்: பழுதுபார்ப்பவர். நகரத்துக் கடை ஒன்றின் ஊழியராகிய அவரை ஒரு நாள் கூலிக்கு அழைத்து வருகின்றனர். இருநூறு வண்டிகள் வரிசையில் நின்ற பிறகே அவர் கையில் பம்பு கொடுக்கப்படுகிறது. சிறப்பு விருந்தினர் கொடியசைக்கும் நேரம் முன்னரே அறிவிக்கப்பட்டுவிட்டது, படப்பிடிப்பாளர் காத்திருக்கிறார். பத்தாவது வரிசையில் நிற்கும் வண்டியின் முன்சக்கரம் ஆடுகிறது, அது போகக்கூடாது என்று அவர் சொன்னால் கேட்பவர் எவருமில்லை. சொல்லித் தம் அடுத்த அழைப்பை இழக்கவும் அவர் விரும்புவதில்லை. பலருக்குப் பயண நாளுக்கான காப்பீடும் இல்லை. நினைவுப் படத்திலும் அவர்கள் இடம்பெறுவதில்லை. அறிந்தவருக்கு அதிகாரம் இல்லை. அதிகாரம் உடையவருக்கு அறிவு இல்லை. விபத்து நேர்ந்த பின் இருவருக்கும் பொறுப்பு இல்லை. கையொப்பமிட்டவருக்கே எல்லாப் பொறுப்பும். உழைப்பின் அறிவைக் கீழே வைத்து மேடையை மேலே வைக்கும் நெடுநாள் பழக்கம் இங்கே மிதிவண்டி ஏறி வருகிறது.

எளிய கணக்கு ஒன்று இதைத் தெளிவாக்கும். இரு பிரேக்குகள், டயர்கள், சக்கர அச்சின் இறுக்கம், ஹேண்டில்பார், செயின் ஆகியவற்றை மட்டும் பார்க்க ஒரு வண்டிக்கு ஐந்து நிமிடம் என்று கொண்டால், இருநூறு வண்டிகளுக்கு 1,000 நிமிடம். அதாவது ஏறத்தாழ 17 மணி நேரம். ஒருவரால் அன்று காலையில் அது நடவாது. நால்வரால் முந்தைய நாள் பிற்பகலில் நடக்கும். வேறுபாடு மூன்று பேரின் ஒரு நாள் கூலியும் ஒரு நாள் முன்யோசனையும் மட்டுமே. பதாகைக்கும் சட்டைக்கும் பதக்கத்துக்கும் பணம் கண்டுபிடிக்கும் நிதித்திட்டம் இதற்கு மட்டும் வறுமையை முறையிடுவது நம்பத்தகுந்ததாக இல்லை.

சோதிக்காமல் இருப்பதற்கு வேறொரு காரணமும் வெளிப்படையாகவே சொல்லப்படுகிறது: சோதித்தால் பொறுப்பு வந்துவிடும், பாராமல் இருந்தால் தெரியாது என்று சொல்லிவிடலாம். இது கவனமாக ஆராயப்பட வேண்டிய வாதம்; ஏனெனில் இதில் அறியாமை தற்செயலாக நிகழ்வதில்லை, திட்டமிட்டு உருவாக்கப்படுகிறது. வாடகைக்குத் தருபவருக்கு அந்தக் கதவை 1872 ஆம் ஆண்டுச் சட்டமே அடைத்துவிட்டது. மற்றவர்களுக்குச் சட்டம் அடைக்காவிட்டாலும் அறம் அடைக்க வேண்டும். பார்க்க முடிந்தும் பாராதிருப்பவர், பார்த்தும் சொல்லாதவரைவிட எவ்வகையிலும் மேலானவர் அல்லர்.

இவ்வளவு கடமைகளைச் சுமத்தினால் தன்னார்வக் குழுக்கள் அழிந்துவிடும் என்ற அச்சம் உண்மையானது. அதற்கு நேர்மையான விடை தேவை. சொந்த வண்டிகளோடு, கட்டணமின்றி, விடியலில் கூடும் இருபது நண்பர்கள்மீது சுற்றுலா நிறுவனத்தின் கடமையை ஏற்ற எவரும் கோரவில்லை. பொறுப்பு அறிவையும் அதிகாரத்தையும் தொடர்கிறது என்றால், அவை குறையுமிடத்தில் பொறுப்பும் குறைகிறது. அத்தகைய குழுவுக்கு இரண்டு போதும்: என்ன உதவி கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதை முன்கூட்டியே தெளிவாகச் சொல்வது, புறப்படுமுன் ஒருவர் வண்டியை மற்றொருவர் பார்ப்பது. வண்டியையும் சேர்த்துத் தரும் நிறுவனத்துக்கும், அதிகாரத்தின் பெயரால் மாணவர்களைத் திரட்டும் கல்வி நிலையத்துக்கும் உரியது வேறு அளவுகோல்.

அந்த அளவுகோலை நான்கு கோரிக்கைகளாகச் சுருக்கலாம். தரப்படும் ஒவ்வொரு வண்டியும் முந்தைய நாளே சோதிக்கப்பட்டு, சோதித்தவர் பெயரும் நாளும் எழுதிய சீட்டு அதில் கட்டப்பட வேண்டும். பழுதுபார்ப்பவர் நிறுத்தச் சொன்ன வண்டி, யார் கொடியசைத்தாலும் புறப்படக்கூடாது. அந்த அதிகாரம் அவருக்கு எழுத்தில் தரப்பட வேண்டும். அவருக்கு முறையான ஊதியமும் அந்நாளுக்கான காப்பீடும் உறுதி செய்யப்பட வேண்டும். படிவத்தில் சொந்தம், இரவல், வாடகை என மூன்று தனித்தனிப் பகுதிகள் இருக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் ஓட்டுபவர் ஏற்பது எது, அமைப்பாளர் ஏற்பது எது என்று எழுதப்பட வேண்டும். இயந்திரப் பொறியியல் துறையும் பணிமனையும் கொண்ட வளாகங்களுக்கு இவற்றில் எதுவும் எட்டாததன்று. மாணவர்களுக்கே ஒரு பிற்பகல் பயிற்சி தந்து, பழுதுபார்ப்பவரை அதன் ஆசிரியராக அமர்த்தினால், மூன்றாண்டுகளில் எந்த வளாகத்திலும் சோதிக்கத் தெரிந்த நூறு பேர் இருப்பார்கள். அப்போது தற்சார்பு என்ற சொல்லையும் கூச்சமின்றிப் பயன்படுத்தலாம்.

அதுவரை, அடுத்த பயணத்தின் படிவம் கைக்கு வரும்போது மாணவர்கள் கேட்க வேண்டியவை மூன்று. இவ்வண்டியைக் கடைசியாகச் சோதித்தவர் யார்? எப்போது? அவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் இது நிறுத்தப்பட்டிருக்குமா? விடை கிடைக்காத இடத்தில் கையொப்பமிட மறுப்பதற்குக் கோழைத்தனம் என்று பெயரில்லை.